படத்தில் உறங்கும் குழந்தை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தை வளர்ப்புப் பக்கங்களிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி கண்ணில் படும் ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறோம். இரண்டு மூன்று மாதக் குழந்தை ஒன்று குப்புறப் படுத்திருக்கும். கன்னம் பஞ்சுத் தலையணையில் புதைந்திருக்கும். தலையில் கம்பளித் தொப்பி, முதுகில் மொத்தமான போர்வை, மூக்கை ஒட்டி ஒரு கரடி பொம்மை. தொட்டிலின் நான்கு பக்கமும் பூப்போட்ட திண்டு கட்டியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு மனம் இளகும். கைக்குழந்தைகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். உறக்கத்தில் திடீரென இறந்துபோகாமல் இருக்க ஒரு குழந்தையை எப்படியெல்லாம் தூங்கவைக்கக் கூடாதோ, அத்தனையும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது.

கட்டுரையில் எழுதியிருப்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிப் படுக்கவைக்கும் தாய்க்கு நினைவில் வருவது எழுத்தா, படமா? 2009இல் அமெரிக்காவில், குழந்தை பெறும் வயதுப் பெண்கள் படிக்கும் இதழ்களில் வந்த படங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். தூங்கும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆபத்தான நிலையில் படுத்திருந்தன. படுக்கையையும் சேர்த்துப் பார்த்தபோது, பாதுகாப்பாக இருந்தவை பாதிகூடத் தேறவில்லை. ஆகவே அந்தப் படத்தையே முன்னால் வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஏன் எடுக்கச் சொல்கிறோம் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில், நோய் என்று பலரும் நினைக்கும் ‘திடீர் சிசு மரணம்’ என்ற பெயரைப் பற்றி. இந்தப் பெயர் 1969இல் சியாட்டில் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில் ஏற்கப்பட்டது. ஒரு வயதுக்கு உட்பட்ட, நலமாக இருந்த குழந்தை உறக்கத்தில் இறந்துபோகிறது. பிரேதப் பரிசோதனை செய்து, குழந்தை கிடந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்து, அதன் மருத்துவ வரலாற்றையும் முழுதாகப் புரட்டிய பிறகும் காரணம் கிடைக்கவில்லை என்றால்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம். இப்படி இறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது ஆறு மாதம் நிறையாதவை. மிக அதிகமாக நேர்வது இரண்டாவது மாதத்திலிருந்து நான்காவது மாதம் வரை. மூச்சுத் திணறியோ, மெத்தை இடுக்கில் சிக்கியோ இறப்பது இதிலிருந்து வேறானது என்றாலும், இரண்டையும் தடுக்கும் வழி ஒன்றுதான்.

ஏன் நேர்கிறது? 1994இல் ஃபிலியானோ, கின்னி என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று வட்டங்களை வரைந்து விளக்கினார்கள். வெளியே தெரியாத ஒரு குறையோடு பிறந்த குழந்தை முதல் வட்டம். மூச்சு, இதயத்துடிப்பு, உடல்சூடு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் பக்குவம் இன்னும் கூடிவராத முதல் ஆறு மாதம் இரண்டாவது. வெளியிலிருந்து வரும் இடைஞ்சல் மூன்றாவது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில்தான் உயிர் போகிறது. நாமெல்லாம் உறக்கத்தில் காற்று குறைந்தால் என்ன செய்கிறோம்? மூளைத்தண்டு அதைக் கண்டுகொண்டு நம்மை உசுப்பிவிடுகிறது. புரண்டு படுத்து, இரண்டு பெருமூச்சு விட்டு மறுபடி தூங்கிப்போகிறோம். இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில் இந்த உசுப்பும் வேலையைச் செய்யும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளில் குறை இருந்ததைக் கின்னியின் குழு கண்டது. எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பிறந்த உடனே சொல்லும் பரிசோதனை இன்றுவரை இல்லை. குழந்தையின் வயதையும் நாம் மாற்ற முடியாது. நம் கைக்கு எட்டுவது மூன்றாவது வட்டம் மட்டுமே. படத்தில் உள்ள தலையணை, தொப்பி, பொம்மை, குப்புறப் படுத்த நிலை எல்லாம் அந்த மூன்றாவது வட்டத்துக்குள் வருகிறவை.

குப்புறப் படுப்பதிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லாவற்றிலும் பெரிய இடைஞ்சல் இதுதான். குப்புறக் கிடக்கும் குழந்தையின் மூக்குக்கும் படுக்கைக்கும் நடுவில் வெளிவிட்ட மூச்சு தேங்குகிறது. அதையே மறுபடி இழுக்கும்போது கரியமில வாயு கூடிக்கொண்டே போய் ஆக்சிஜன் குறைகிறது. முகமும் மார்பும் படுக்கையில் அழுந்தியிருப்பதால் உடம்புச் சூடும் வெளியேறுவதில்லை. இவை போதாதென்று, குப்புறப் படுத்த குழந்தை ஆழ்ந்து தூங்கும், எளிதில் விழிக்காது. “குப்புறப் போட்டால்தான் நன்றாகத் தூங்குகிறது” என்று பெரியவர்கள் சொல்வது கண்கூடான உண்மை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இடையிடையே விழித்துக்கொள்வது அந்த வயதில் குழந்தையின் உயிர்க்காவல்.

இதைக் கண்டுகொள்ள உலகம் கொடுத்த விலை பெரிது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் மேலை நாடுகளில் மருத்துவர்களும் வழிகாட்டி நூல்களுமே குப்புறப் படுக்கவைக்கச் சொன்னார்கள். 1987இல் நெதர்லாந்து முதலில் அந்த அறிவுரையை மாற்றியது. 1991இல் நியூசிலாந்தும் பிரிட்டனும் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கின. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 1992இல் அறிவுரையைத் திருத்த, 1994இல் அங்கும் பிரசாரம் வந்தது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள், அவ்வளவுதான். சில ஆண்டுகளிலேயே இந்த நாடுகளில் சாவு பாதியாகவும் அதற்கும் கீழாகவும் இறங்கியது. 2005இல் வெளியான ஒரு மீளாய்வு இன்னொன்றைச் சொன்னது: குப்புறப் படுப்பது ஆபத்து என்பதற்கான சான்று 1970லேயே கையில் இருந்தது, அன்றே அதைத் தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000 குழந்தைகளுக்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலிய வட்டாரங்களில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கும். சரியான செய்தி தாமதமாகப் போய்ச் சேர்வதால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னால் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பால் கக்கினால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளாதா? நியாயமான பயம். ஆனால் உடலின் அமைப்பு நேர்மாறாக இருக்கிறது. மூச்சுக்குழாய் கழுத்தின் முன்பக்கம். உணவுக்குழாய் அதன் பின்னால். குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் வருகின்றன. எதுக்களித்து வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். அதனால் அது கீழே இருக்கும் உணவுக்குழாய்க்கே திரும்பிவிடுகிறது, அல்லது குழந்தை விழுங்கிவிடுகிறது. குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்து, கக்கிய பால் அதன் வாயிலேயே தேங்குகிறது. மல்லாக்கப் படுக்கவைக்கத் தொடங்கிய நாடுகளில் பால் புரையேறி இறப்பது கூடவில்லை. அடிக்கடி எதுக்களிக்கும் குழந்தைக்கும் இதே விதிதான். மிக அரிதாகச் சில பிறவிக் குறைகளுக்கு மருத்துவர் வேறு மாதிரி சொல்லலாம். அவர் சொன்னால் மட்டுமே மாற்ற வேண்டும்.

ஒருக்களித்துப் படுக்கவைப்பது நடுவழி என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாட்டில் கிடக்கும் சிறு குழந்தை நிலையாக இருக்காது. ஒரு கை முன்னால் நகர்ந்தாலே கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தபின் தலையைத் தூக்கித் திருப்பும் பலம் கழுத்தில் இருக்காது. இன்னும் கவனிக்க வேண்டியது, எப்போதும் மல்லாந்தே பழகிய குழந்தையை ஒருநாள் மட்டும் குப்புறப் போட்டால், அந்த ஒருநாள் ஆபத்து, தினமும் குப்புறப் படுக்கும் குழந்தைக்கு இருப்பதைவிடவும் அதிகம். அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், புதிதாக ஒருவர் பார்த்துக்கொள்ள வந்த நாள், பாட்டி வீட்டில் ஓர் இரவு — சறுக்கல் இங்கேதான் நேர்கிறது. “எப்படிப் படுக்கவைப்பீர்கள்?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது. பகல் தூக்கத்துக்கும் இதே கேள்வி உண்டு.

குழந்தை தானாகவே குப்புற விழத் தொடங்கிவிட்டால்? மல்லாக்கவே படுக்கவையுங்கள். இரண்டு பக்கமும் தானே புரண்டு திரும்பத் தெரிந்த குழந்தை இரவில் குப்புறக் கவிழ்ந்தால் அப்படியே விட்டுவிடலாம். மணிக்கொருமுறை எழுந்து திருப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் படுக்கை காலியாக இருப்பது முன்பைவிட முக்கியம், ஏனென்றால் புரளும் குழந்தை எதிலாவது போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தையைக் குப்புறப் போட்டிருப்பதை அவர்கள் வாரக்கணக்கில் பார்த்திருப்பார்கள். நுரையீரல் பலவீனமாக இருக்கையில், இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் இடைவிடாமல் கருவி காட்டிக்கொண்டிருக்கையில் செய்யப்படுவது அது. வீட்டுக்குப் போகும் குழந்தைக்கு அது பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத் திடீர் மரண ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதால், உடல் நிலைப்பட்டதும் வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு வெகு முன்னரே, தாயின் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் கணக்கில் 32 வாரம் ஆனதிலிருந்தே, மல்லாக்கப் படுக்கப் பழக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்கான அறிவுரை. அங்கே பழக்காமல் அனுப்பினால் பெற்றோர் தாங்கள் பார்த்ததைத்தான் செய்வார்கள். அது அவர்கள் தப்பு ஆகாது.

மல்லாக்கவே கிடந்தால் பின்மண்டை தட்டையாகிவிடுமே என்ற கவலைக்கும் பதில் உண்டு. குழந்தை விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே குப்புற விட வேண்டும். முதல் வாரங்களில் ஒருதடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும். ஏழு வாரம் ஆகும்போது எல்லாம் சேர்த்து நாளைக்கு 15 முதல் 30 நிமிடம் வரை வரலாம். கழுத்தும் தோளும் பலப்படும். படுக்கவைக்கையில் ஒருநாள் தலை இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் என்று மாற்றினால் தட்டையும் விழாது.

இனி தலையணையும் மெத்தையும். ஒரு வயது வரை தலையணையே வேண்டாம். மண்டை உருண்டையாக வரும் என்று விற்கும் குழித்தலையணையும் இதில் சேர்த்தி. மெத்தை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய சோதனை: உள்ளங்கையை விரித்து மெத்தையின் நடுவில் அழுத்திப் பிடித்து, கையை எடுங்கள். கையின் அச்சு அதில் தங்கினால் அது குழந்தைக்கு ஆகாது. நமக்கு இதமாக இருக்கும் மெத்தையில் குழந்தையின் முகம் புதையும். பெரியவர்கள் பல ஆண்டு படுத்துத் தளர்ந்த மெத்தையும், உடம்பின் வடிவத்துக்கு அமுங்கும் நுரைமெத்தையும் அப்படித்தான். மெத்தைக்கும் தொட்டில் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மெத்தை சிறியது என்று பொருள்; குழந்தையின் முகமோ உடம்போ அந்த இடுக்கில் இறங்கிவிடும். சட்டக் கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மேலிருந்தால் உடம்பு நழுவி வெளியே போகும், தலை மாட்டிக்கொள்ளும். விரிப்பு ஒன்றே ஒன்று, நான்கு மூலையிலும் இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஈரம் படாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக விரிப்பது கூடவே கூடாது. அது மூக்கில் ஒட்டிக்கொள்ளும்.

படுக்கை சமதளமாக இருப்பது மென்மையைவிடக் குறைவாகப் பேசப்படும் விஷயம். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறோம். சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து பலமற்றது, மூச்சுக்குழாய் மெல்லிய குழல். சாய்வான படுக்கையிலோ நடுவில் பள்ளம் விழும் படுக்கையிலோ கிடத்தினால் தலை முன்னால் சரிந்து முகவாய் மார்பில் முட்டுகிறது. தண்ணீர்க் குழாயை மடக்கினால் நீர் நிற்பதுபோல மூச்சுக்குழாய் மடங்குகிறது. சத்தமே வராது. குழந்தை இருமாது, அழாது. பக்கத்தில் இருப்பவர் அது தூங்குகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். இதனால்தான் சாய்வு 10 பாகைக்கு மேல் போகக் கூடாது என்பது அளவு. அமெரிக்காவில் சாய்வுப் படுக்கைகளில் பல குழந்தைகள் இறந்த பிறகு, 2022இல் அவற்றையும் தொட்டில் திண்டுகளையும் விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பால் கக்காமல் இருக்கும் என்று மெத்தையின் தலைமாட்டை உயர்த்துவதும் பயனற்றது. குழந்தை நழுவி, கால்மாட்டில் மடங்கிக் கிடக்கும்.

காரில் பொருத்தும் குழந்தை இருக்கை பயணத்துக்கு இன்றியமையாதது. வண்டி ஓடும்போது அதில் குழந்தை தூங்குவது தவறல்ல. வீடு வந்ததும் “தூங்குகிறதே, எழுப்ப வேண்டாம்” என்று அதே இருக்கையில் வாரைத் தளர்த்தி வைத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. தளர்ந்த வார் கழுத்தில் சுருக்கும். ஊஞ்சல் இருக்கை, தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. தூங்கிவிட்டால் தூக்கிச் சமதளத்தில் கிடத்துங்கள். நெஞ்சோடு கட்டித் தூக்கும் பையில் இருக்கும்போது முகம் வெளியே தெரிய வேண்டும், முகவாய்க்கும் மார்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

போர்வையும் தொப்பியும். குழந்தைக்குக் குளிருமே என்ற பாசம்தான் போர்த்தவைக்கிறது. ஆனால் கைக்குழந்தை தன் சூட்டைப் பெரும்பாலும் தலை வழியாகவும் முகம் வழியாகவும் வெளியேற்றுகிறது. தொப்பி அந்த வழியை அடைத்துவிடுகிறது. அவிழ்ந்து மூக்கில் விழுவதும் உண்டு. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு வீட்டுக்குள் தொப்பி தேவையில்லை. அதே அறையில் நீங்கள் உடுத்தியிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகக் குழந்தைக்குப் போட்டால் போதும். கை கால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவை சில்லென்று இருப்பது இயல்பு. நெஞ்சிலோ பிடரியிலோ கைவைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். போர்வைக்குப் பதிலாகக் கையில்லாத உறக்கப்பை போடலாம். கழுத்தும் கை ஓட்டைகளும் அளவாக இருந்து தலை உள்ளே நழுவாமல் இருந்தால் போதும். போர்வைதான் இருக்கிறது என்றால் மெல்லியதாக ஒன்று; குழந்தையின் பாதம் தொட்டிலின் கால்மாட்டைத் தொடும்படி கிடத்தி, அக்குளுக்கு மேல் ஏறாதபடி போர்த்தி, மூன்று பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். அப்போது குழந்தை கீழே நழுவிப் போர்வைக்குள் போக இடம் இருக்காது. கனம் வைத்துத் தைத்த போர்வையும் உறக்கப்பையும் எந்தக் கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

துணியில் சுற்றிப் படுக்கவைப்பது அழுகையை அடக்குமே தவிரத் திடீர் மரணத்தைத் தடுப்பதில்லை. சுற்றுவதானால் மல்லாக்கப் படுக்கும் குழந்தையை மட்டும் சுற்ற வேண்டும். மார்பில் இரண்டு மூன்று விரல் நுழையும் தளர்வு வேண்டும். இடுப்பும் தொடையும் தவளைபோல மடங்கி விரிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு நழுவும். புரள முயலும் முதல் அறிகுறி தெரிந்த அன்றே, பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில், சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும். கை கட்டுண்ட நிலையில் கவிழும் குழந்தைக்கு ஊன்றி எழ வழியே இல்லை.

பொம்மைக்கும் திண்டுக்கும் நீண்ட விளக்கம் தேவையில்லை. குழந்தை தலையை இடித்துக்கொள்ளும் என்றுதான் திண்டு கட்டுகிறார்கள். அந்த வயதுக் குழந்தை இடித்துக்கொண்டால் அழும். திண்டில் முகம் புதைந்தால் அழவும் முடியாது. குழந்தையின் கழுத்தில் கயிறோ சங்கிலியோ வேண்டாம். திரைச்சீலைக் கயிறு கைக்கு எட்டாத இடத்தில் தொட்டிலைப் போடுங்கள்.

செய்தித்தாள்கள் விரும்பிப் போடும் இன்னொரு படமும் உண்டு. அப்பா சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்திருப்பார். நெஞ்சில் குழந்தை உறங்கும். இதைப் போடவே போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். சோபாவிலோ மெத்தென்ற சாய்வு நாற்காலியிலோ பெரியவரோடு சேர்ந்து தூங்கும் குழந்தைக்கு ஆபத்து 67 மடங்கு வரை கூடும். பெரியவரின் உடம்புக்கும் இருக்கையின் முதுகுக்கும் நடுவில் குழந்தை வழுக்கி இறங்கிவிடும்; அசந்து தூங்குபவருக்குத் தெரியாது. நடுராத்திரியில் பால் கொடுக்கையில் கண் சொருகும் என்று தெரிந்தால், சோபாவைவிடப் படுக்கையில் அமர்ந்து கொடுப்பது மேல். அதற்கு முன் தலையணையையும் போர்வையையும் தள்ளி வைத்துவிடுங்கள். விழித்த உடனே குழந்தையை அதன் இடத்துக்கு மாற்றுங்கள். சிறந்தது, குழந்தை உங்கள் அறையில், உங்கள் கை எட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவது. குறைந்தது முதல் ஆறு மாதம். மது அருந்தியவர், புகைப்பவர், தூக்கம் வரவழைக்கும் மருந்து எடுத்தவர், குறைமாதக் குழந்தையின் பெற்றோர், நான்கு மாதம் ஆகாத குழந்தையின் பெற்றோர் ஆகியோர் ஒரே படுக்கையில் சேர்ந்து தூங்கவே கூடாது. இரட்டையரையும் தனித்தனியே படுக்கவையுங்கள்.

படத்தில் காட்ட முடியாதவை சில இருக்கின்றன. கர்ப்பத்தில் தாய் புகைப்பதும், பிறந்தபின் குழந்தையைச் சுற்றிப் புகை இருப்பதும் படுக்கும் நிலைக்கு அடுத்த பெரிய காரணங்கள். சிகரெட் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடும். தாய்ப்பால் காக்கிறது. இரண்டு மாதமாவது கொடுத்தால் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கூடவே வேறு பால் கொடுத்தாலும் பலன் உண்டு, மாதம் கூடக் கூடப் பலனும் கூடும். தூங்கும்போது வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானும் காக்கிறது. தாய்ப்பால் குடிப்பது நன்கு பழகிய பின்னரே கொடுக்க வேண்டும், உறக்கத்தில் விழுந்துவிட்டால் மறுபடி வைக்க வேண்டாம், கயிறு கட்டாதீர்கள், தேன் தடவாதீர்கள். தடுப்பூசியால் குழந்தை திடீரென இறந்தது என்ற பேச்சு அடங்காமல் உலவுவதற்குக் காரணம், இந்த மரணங்கள் அதிகம் நேரும் மாதங்களும் முதல் ஊசிகள் போடும் மாதங்களும் ஒன்றாக அமைந்ததுதான். ஆய்வுகளில் ஊசி போட்ட குழந்தைகளுக்குத் திடீர் மரணம் குறைவாகவே காணப்படுகிறது.

காலில் மாட்டும் காலுறைக் கருவி, கைப்பேசியில் மூச்சைக் காட்டும் கருவி ஆகியவற்றின் விளம்பரங்கள் உங்கள் பக்கங்களில் வந்தால் அவற்றையும் கொஞ்சம் ஆராய்ந்து போடுங்கள். இவை திடீர் மரணத்தைக் குறைத்ததாகச் சான்று இல்லை. கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில் தலையணையும் போர்வையும் திரும்ப உள்ளே வந்துவிடுகின்றன.

செய்திப் பிரிவுக்கு இரண்டு வேண்டுகோள். 2022 மே மாதம் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, திடீர் சிசு மரணத்தின் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று உலகெங்கும் தலைப்பு ஓடியது. இறந்த குழந்தைகளின் பிறந்தபோது எடுத்த ரத்தத்தில் ஒரு நொதி சராசரியாகக் குறைந்திருந்தது என்பதே ஆய்வு சொன்னது. திடீர் சிசு மரணம் என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் அதில் 26 பேர் மட்டுமே. நலமான குழந்தைகளின் அளவும் அவர்கள் அளவும் பெரிதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அதைக் கொண்டு எந்தக் குழந்தையையும் முன்கூட்டிக் கண்டுகொள்ள முடியாது. அந்தத் தலைப்பை நம்பி, எப்படிப் படுக்கவைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு.

மற்றது, தூக்கத்தில் குழந்தை இறந்த செய்தி. விசாரணை முடியும் முன்பே பெற்றோரின் அலட்சியம் என்று தலைப்புப் போடாதீர்கள். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. அவரே கொன்றார் என்று வழக்குத் தொடுத்தார்கள். ஒரு குடும்பத்தில் இப்படி ஒருமுறை நேர 8,543இல் ஒரு வாய்ப்பு, இருமுறை நேர அதை அதாலேயே பெருக்க வேண்டும், ஆக 7.3 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் ஒரு நிபுணர் கணக்குச் சொன்னார். ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. முதல் குழந்தைக்கு இருந்த குறை இரண்டாவதற்கும் இருக்கலாம். 1999இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கணக்கு தவறென்று ராயல் புள்ளியியல் கழகம் 2001இல் பகிரங்கமாக அறிவித்தது. 2003இல் தீர்ப்பு ரத்தானது. 2007இல் அவர் இறந்துபோனார். எல்லாவற்றையும் சரியாகச் செய்த வீட்டிலும் இந்த மரணம் நேர்கிறது. நாங்கள் சொல்லும் முறைகள் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. பறிகொடுத்த தாயும் தகப்பனும் இந்தக் கடிதத்தைப் படிக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

அடுத்த முறை குழந்தைப் படம் தேவைப்படும்போது உங்கள் படப்பிரிவு தேட வேண்டியது இது: குழந்தை மல்லாந்து கிடக்கிறது, முகம் முழுதும் தெரிகிறது, தலையில் ஒன்றும் இல்லை. உறக்கப்பை அக்குளோடு நிற்கிறது. மெத்தை சமமாக, விரிப்பு சுருக்கமில்லாமல் இருக்கிறது. தொட்டிலில் வேறு எதுவுமே இல்லை. பார்க்க வெறிச்சோடி இருக்கும். பக்க வடிவமைப்பாளருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு பொம்மையாவது வைக்கலாமே என்று அவர் கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நல மருத்துவர்களும் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்களும்